நைட்டிங்கேல் அம்மையாரும் இந்திய சுகாதாரமும்

கைவிளக்கேந்திய மாதரசியாகப் பாடப் புத்தகங்களில் நமக்கு அறிமுகமாகும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், கிரிமியா யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்து கழித்த காலம் இரண்டு வருஷங்கூட நிரம்பாதது. அதன் பின், நோயாளியாக லண்டனில் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்துகொண்டு, பதவி எதுவும் வகிக்காமல், மந்திரிகளையும் வைஸ்ராய்களையும் பொதுஜன சுகாதாரத்தின் பக்கம் இழுப்பதையே ஜீவிய காரியமாகக் கொண்டு அவர் கழித்த நீண்ட வருஷங்களைப் பற்றி அப்புத்தகங்கள் வாய் திறப்பதில்லை. அவ்வருஷங்களின் உழைப்பில் கணிசமான பாகம் இந்தியாவுக்குரியது. இந்த நாட்டில் அவர் கால் வைத்ததே இல்லை.

1857-ஆம் வருஷத்துக் கலகத்துக்குப் பின் இங்கே ஆங்கிலப் பட்டாளம் பெருகிற்று. இந்தப் பட்டாளத்தின் சுகாதார நிலையை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் வேண்டுமென்று, தம் நண்பர் சிட்னி ஹெர்பர்ட் முதலிய பிரமுகர்களைக் கொண்டு அம்மையார் வற்புறுத்தியதன் பயனாக, 1859-ல் அக்கமிஷன் நியமனமாயிற்று. ஸ்திரீயாதலால் அதில் அவருக்கு ஆசனம் கிடையாது. ஆயினும் இந்தியாவிலுள்ள ராணுவ நிலையங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்ட கேள்விப் பட்டியலைத் தயாரித்ததில் அவர் கை இருந்தது. வந்து குவிந்த பதில்களை ஆராய்ந்தவரும் அவரே. 1863-ல் வெளிவந்த அறிக்கை இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டிற்று. வருஷத்துக்கு ஆயிரம் சிப்பாய்களில் 69 பேர் மாண்டுகொண்டிருந்தார்கள் என்பது அதன் சாரம். இவ்வளவு பெரிய நூலை எந்த மந்திரி படிப்பார்? அதை உணர்ந்த அம்மையார், சாக்கடையில்லாத முகாம்களையும் அசுத்தமான குடிநீரையும் பற்றித் தாம் எழுதிய குறிப்புகளைச் சித்திரங்களோடு தனி நூலாக அச்சிடுவித்துச் செல்வாக்குள்ளவர்களின் கைகளில் சேர்ப்பித்தார்.

அதே வருஷத்தில் யுத்த மந்திரி காலமானபோது, அந்த ஸ்தானத்துக்கு டி கிரே பிரபுவே தகுந்தவரென்று பிரதம மந்திரி பாமர்ஸ்டனுக்குக் கடிதம் எழுதினார். டி கிரேயே நியமனம் பெற்றார். வைஸ்ராயாகப் புறப்படுமுன் ஜான் லாரன்ஸ் அம்மையாரை வீட்டில் வந்து கண்டு பேசிச் சென்றார். 1864-ல் கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்றிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. பத்து வருஷத்தில் அந்த 69, 18-ஆக இறங்கியதென்று அம்மையாரே பின்னர் எழுதினார்.

ஆனால் சர்க்காரின் காது இவ்வளவு சீக்கிரம் திறந்ததற்குக் கருணை ஒன்றே காரணமென்று நான் நம்பவில்லை. ஒரு சிப்பாயைத் திரட்டிப் பழக்கிக் கப்பலேற்ற ஆகும் செலவு கஜானாவுக்குத் தெரியும்; ஒரு குடியானவன் சாவதற்கு அங்கே பற்றெழுதும் பத்தி இல்லை. 1876-78-ல் சென்னை ராஜதானியைப் பஞ்சம் சூறையாடியபோது இந்த வித்தியாசம் அம்மையாருக்கே கண்கூடாயிற்று. கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டனோடு சேர்ந்து நீர்ப்பாசனத்துக்காக மன்றாடினார்; அப்போது இந்தியா மந்திரியாயிருந்த சாலிஸ்பரி அசையவில்லை. 1878-ல் இந்திய ஜனங்களின் துயரை லண்டன் சஞ்சிகையொன்றில் காரமாக எழுதினார். பழைய டி கிரேயே ரிப்பன் பிரபுவாகி 1880-ல் வைஸ்ராயாக வந்தபோதுதான் அம்மையாருக்குச் சற்று நம்பிக்கை பிறந்தது.

பின்னாளில் பூனா சார்வஜனிக சபை போன்ற இந்தியர் சங்கங்களோடு அவர் தொடர்பு கொண்டார். 1892-ல், கிராமத்தில் வசூலாகும் தீர்வையில் முதற் செலவு அக்கிராமத்தின் சுகாதாரத்துக்கே ஆகவேண்டுமென்று இந்தியா மந்திரிக்கு மனுச் செய்துகொண்டார். 1894-ல், எழுபது வயதைக் கடந்த பின்னும், புடாபெஸ்டில் கூடிய சர்வதேச சுகாதார மகாநாட்டுக்காக அவர் எழுதிய கட்டுரையின் விஷயம் இந்தியக் கிராம சுகாதாரமே.