ஸ்மித்ஃபீல்டின் கல்வளைவு

லண்டன் மாநகரில், இறைச்சிச் சந்தைக்குப் பெயர்போன ஸ்மித்ஃபீல்டில், கீழே கறுத்துப்போன கல்வளைவும் அதன்மேல் மரச்சட்டங்கள் இழைத்த ஒடுங்கிய மாடிகளுமாக நிற்கும் வாயில்வீட்டை, உட்புறத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அமைத்த நுழைவாயில் என்று மாத்திரம் எண்ணிக் கடந்துபோகிறவர்கள் அநேகர். உண்மையில் அது உள்ளிருக்கும் புனித பர்த்தலமேயு ஆலயத்தின் வாசலேதான். ஆலயத்தின் முன்பாதி அழிந்துபோக, வாசல் மட்டும் தெருவோரத்தில் தனித்து நின்றுவிட்டது.

முதலாம் ஹென்றி மன்னனின் அரசவையைச் சார்ந்திருந்த ராஹியர், ரோமாபுரி யாத்திரையில் நோயுற்றுப் பிழைத்து, புனித பர்த்தலமேயுவின் தரிசனமும் பெற்றார் என்பது மடத்தின் பழங்கதை. அவர் 1123-ஆம் ஆண்டில் அகஸ்தீனியத் துறவிகளுக்கு இங்கே ஒரு மடாலயத்தையும், அருகிலேயே பிணியாளருக்கு ஓர் ஆதுலசாலையையும் ஸ்தாபித்தார். அந்த மருத்துவமனை இன்றும் நடைபெற்று வருகிறது. மடாலயத்துக் கோயிலின் நீண்ட நடுக்கூடத்துக்குத் தென்புறமாக ஓடிய தாழ்வாரத்தின் மேற்கு வாசலாகவே, பதின்மூன்றாம் நூற்றாண்டில், இந்த வளைவு எழுந்தது. அதன் விளிம்புகளை அடுத்து நின்று நோக்கினால், கூர்நுனி கொண்ட நான்கிதழ்ப் பூக்கள் கல்லில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அக்காலத்து ஆங்கிலச் சிற்பிகள் பெரிதும் விரும்பிய அலங்காரம் அது.

எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1539-இல் மடாலயம் கலைக்கப்பட்டது. துறவிகள் நின்று பாடிய கிழக்குப் பகுதி பங்கு மக்களின் ஆலயமாகப் பிழைத்தது; நடுக்கூடமோ இடித்துத் தள்ளப்பட்டு, அந்நிலமே பிற்பாடு இறந்தோரை அடக்கம் செய்யும் இடமாயிற்று. ஆகவே வளைவினின்று இன்றைய கோயிற் கதவுவரை நடப்பவர், இடிந்த கூடத்தின் நிலத்தைத்தான் மிதித்துச் செல்கிறார்.

வளைவின்மேல் 1595-இல் எழுந்த மரவீட்டைப் பிற்காலத்தார் புதுமுகப்பிட்டு மறைத்துவிட்டனர். 1666-ஆம் ஆண்டின் பெருந்தீ இவ்விடத்தை எட்டவில்லை. 1915 செப்டம்பரில் ஜெர்மானிய செப்பெலின் ஆகாயக் கப்பல் வீசிய குண்டின் அதிர்ச்சியில் மேல்முகப்பு பெயர்ந்தபோதுதான், உள்ளே மறைந்திருந்த பழைய மரவேலை வெளிப்பட்டது. அன்றிரவு லண்டனில் 22 உயிர்கள் மாண்டன; ஆதலால் இதனை யுத்தம் தந்த லாபம் என்று சொல்ல நா எழவில்லை. ஆனால் குண்டுகளின் அச்சம் தீராத அந்நாளிலேயே, யுத்தம் முடியும்வரை காத்திராமல், வெளிப்பட்ட மரங்களைச் செப்பனிட்டு, புனித பர்த்தலமேயுவின் சிலையையும் முகப்பில் நிறுத்தியவர்களின் சிரத்தை வணக்கத்துக்குரியது.