எழுபதுகளில் எம்மவர் எடுத்த படங்கள்

தமிழ்த் திரைப்பட வரலாறு பற்றி எழுதப்பட்ட நூல்களிற் பெரும்பாலானவை கோடம்பாக்கத்தில் தொடங்கிக் கோடம்பாக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஈழத்திலும் தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டன என்பதை மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் வளரும் எமது பிள்ளைகள் அறியார். அது அவர்களது குற்றமன்று. பெற்றோரிலேயே பலர் அறியார். அறிந்தோரும் ஒரு நமட்டுச் சிரிப்புடன் அப்பேச்சைத் தள்ளிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். எழுபதுகளில் வெளிவந்த அப்படங்களுட் சிலவேனும் அந்தச் சிரிப்புக்கு உரியனவல்ல என்பதே எமது கருத்து.

இலங்கையின் முதலாவது தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962 இல் வெளிவந்தது. ஆயினும் அடுத்த பத்தாண்டில்தான் இம்முயற்சி வேர்பிடித்தது. 1970 இல் பதவிக்கு வந்த அரசு வெளிநாட்டு இறக்குமதிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1972 இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியது. தென்னிந்தியப் படங்களின் வரவு சுருங்கியபோது உள்ளூர்க் கலைஞருக்குச் சற்றே இடம் கிடைத்தது. 1978 இல் மட்டும் 'வாடைக்காற்று', 'தெய்வம் தந்த வீடு', 'ஏமாளிகள்', 'நான் உங்கள் தோழன்' எனப் பல படங்கள் திரைக்கு வந்தன. நாம் அப்போது அரைக்காற்சட்டை அணிந்து திரிந்த சிறுவர். இவற்றின் பெறுமதியை உணர்ந்தது பின்னாளிலேயே.

கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972 இல் வெளிவந்தது. இயக்கியவர் டபிள்யு. எஸ். மகேந்திரன். யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பமொன்றின் கதை அது. எமது மண்ணையும் எமது வயலையும் எமது வீட்டு முற்றத்தையும் திரையில் கண்டபோது ஏற்பட்ட வியப்பை அன்று பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மலையகத்தில் தொழிற்சங்கத் தலைவர் வீ. பி. கணேசன், தெளிவத்தை ஜோசப்பின் எழுத்துத் துணையுடன் 1975 இல் 'புதிய காற்று' படத்தைத் தந்தார். வானொலியில் புகழ்பெற்ற நகைச்சுவை நாடகத்திலிருந்து பிறந்த 'கோமாளிகள்' 1976 இல் வெளிவந்து வசூலிலும் வென்றது. அதற்கு எமது பரிந்துரை தேவையில்லை.

'வாடைக்காற்று' செங்கை ஆழியானின் நாவலைத் தழுவியது. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். வாடைக்காற்றுப் பருவத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்ய வரும் மீனவரையும், அத்தீவு மக்களுடன் அவர்களுக்கு ஏற்படும் உறவையும் பகையையும் சொல்லும் கதை. டொக்டர் இந்திரகுமார், ஏ. ஈ. மனோகரன், ஆனந்தராணி, கே. எஸ். பாலச்சந்திரன் முதலியோர் நடித்தனர். குறைகள் இல்லாமலில்லை. எனினும் கடற்கரை மனிதர் தம் பேச்சிலேயே பேசுகிறார்கள் என்பது ஒன்றே போதும். சென்னைத் திரைத்தமிழுக்குப் பழகிய எமது காதுகளுக்கு, எமது சொந்தப் பேச்சே திரையில் அந்நியமாக ஒலித்தது! இவ்விபரீதத்தை என்னென்பது?

எமது உள்ளத்துக்கு மிக நெருங்கிய படம் 'பொன்மணி'. 1977 இல் வெளிவந்த இதனை இயக்கியவர் தர்மசேன பத்திராஜா. சிங்களவரான அவர் யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய காலத்தில், காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு இப்படத்தை உருவாக்கினார். கலாநிதி கைலாசபதியின் துணைவியார் சர்வமங்களம், எழுத்தாளரும் மருத்துவப் பேராசிரியருமான நந்தி, சித்திரலேகா மௌனகுரு ஆகியோர் நடித்தனர். சீதனம் இன்மையாற் கரைசேராத மூத்தவள், வேற்றுச் சாதி இளைஞனை விரும்பும் இளையவள், பெருமை பேசியபடியே தேய்ந்துபோகும் குடும்பம். முடிவை இங்கு சொல்லப் போவதில்லை, பார்த்தறிக. கதாநாயகனின் வீரவசனம் இல்லை. சண்டை இல்லை. பாத்திரங்கள் பேசாமல் இருக்கும் நேரமே மிகுதி. அந்த மௌனந்தான் யாழ்ப்பாணத்து வீடுகளின் மௌனம் என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

படம் ஓடவில்லை. நம்மவர் அதனை ஏற்கவில்லை. மெதுவாகச் செல்கிறது என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். சாதியையும் சீதனத்தையும் நேர்முகமாகக் காட்டியதைச் சகிக்க இயலாமையும் உள்ளே இருந்திருக்கும் என நாம் கருதுகிறோம். அதே 1977 ஓகஸ்டில் தமிழர் மீது வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டது. அந்த ஆண்டில் ஒரு சிங்களக் கலைஞர் எமது வீட்டினுள் வந்திருந்து, எமது குறையை எமது மொழியிலேயே அன்போடு சொன்னார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 'பம்பரு அவித்' முதலிய சிங்களப் படங்களாற் பெரும்புகழ் பெற்ற பத்திராஜா 2018 ஜனவரியில் காலமானார். அவரைப் பற்றிப் பேசும்போது 'பொன்மணி'யையும் பேசுவோர் எத்தனை பேர்?

1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. தென்னிந்தியப் படங்கள் மீண்டும் பெருகின. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. பின்னர் போர். படமெடுத்தோரும் நடித்தோரும் பார்த்தோரும் நாடு நாடாகச் சிதறினோம். 1994 இல் தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலை எழுதியிராவிடின் இவற்றின் பெயர்கள்கூட ஓரிடத்தில் சேர்ந்து கிடைத்திரா.

'வாடைக்காற்று' நடிகரும் 'அண்ணை றைட்' புகழ் கலைஞருமான கே. எஸ். பாலச்சந்திரன் ரொறன்ரோவில் எம்மிடையே வாழ்ந்து 2014 இல் மறைந்தார். தமது நினைவுகளை அவர் எழுதி வைத்தது எமது நல்லூழ். ஏனையோர் முதுமையில் இருக்கிறார்கள். வாசகர் எவரிடமேனும் அக்காலப் பாட்டுப் புத்தகமோ, விளம்பரத் துண்டோ, வீடியோ நாடாவோ இருக்குமாயின் ஈரம் கசியும் நிலவறையில் வைத்திருக்க வேண்டாம். நாடாவில் பூஞ்சணம் பிடித்தால் படம் அழிந்துவிடும். அதனை ஓட்டும் இயந்திரங்களின் உற்பத்தியும் 2016 உடன் நின்றுவிட்டது. இயங்கும் இயந்திரம் ஒன்று கையில் உள்ளபோதே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.