மிகை மெய்ம்மைக் கலைச்சொற்கள் : தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு தொழில் ஒரு நாட்டிற்குப் புதிதாக வருமிடத்து அதனுடன் புதிய சொற்களும் பிறத்தல் இயல்பு. மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் தோன்றிய காலத்தில் தமிழ்த் தொழிலாளர் அம்மரத்தைப் பால்மரம் என்றனர். வெட்டுவாயில் உறைந்து ஒட்டியதை ஒட்டுப்பால் என்றனர். பால் வடியும் கிண்ணத்தை மங்கு என்றனர். அறிஞர் குழு எதுவும் கூடி இச்சொற்களை ஆக்கித் தரவில்லை. பொருளைக் கையாண்டவரே சொல்லையும் ஆக்கினர். ஆகலின் அவை நிலைத்தன.

கணிப்பொறிக் கலையின் கிளைகளுள் ஒன்று, ஆங்கிலத்தார் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என வழங்குவது. கண்முன் உள்ள மெய்யான காட்சியின்மேல், கணிப்பொறி ஆக்கிய உருவத்தை அவ்விடத்திலேயே இருப்பதுபோல் பொருத்திக் காட்டுவதே அக்கலை. தமிழில் இதனை மிகை மெய்ம்மை என்பர் சிலர். மிகை யதார்த்தம் என்பர் சிலர். புனைமெய்யாக்கம் என்பாரும் உளர். இவற்றுள் எது பொருந்தும்? பொருளின் வரலாற்றை அறிந்தாலன்றிச் சொல்லின் பொருத்தத்தை அறிதல் இயலாது.

கருத்தின் தொடக்கம்

இக்கருத்து கணிப்பொறிக்கு முற்பட்டது. 1862-ஆம் ஆண்டு இலண்டன் பாலிடெக்னிக் நிலையத்தில் ஜான் ஹென்றி பெப்பர் என்பார் ஒரு காட்சியை நிகழ்த்தினார். ஹென்றி டர்க்ஸ் வகுத்த முறையைத் திருத்தி அமைத்த காட்சி அது. மேடையின் முன்னே பெரியதொரு கண்ணாடி சாய்வாக நிறுத்தப்பெற்றது. அவையோர் கண்ணாடியின் ஊடே மேடையிலிருந்த நடிகரைக் கண்டனர். மறைவிடத்தில் ஒளியூட்டப்பெற்ற வேறொருவரின் நிழலுருவையும் அதே கண்ணாடியில் கண்டனர். மெய்யும் சாயலும் ஒரே இடத்தில் கூடின.

1968-இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து, இதே கண்ணாடி நெறியைக் கணிப்பொறியுடன் இணைத்தார். பாதி ஒளியை விட்டுப் பாதி ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளைக் கொண்ட தலைக்கருவி ஒன்றை அவர் அமைத்தார். கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கை, அணிந்தவரின் தலை திரும்பும் திசையை அளந்து கணிப்பொறிக்கு உணர்த்தியது. கோடுகளாலான எளிய கனசதுரம் அறையின் நடுவே மிதப்பதுபோல் தோன்றியது. கருவி கனத்தது, காட்சி எளியது. எனினும், பார்ப்பவர் அசையும்தோறும் உருவமும் அதற்கேற்ப மாறவேண்டும் என்னும் அடிப்படை அன்றே நிறுவப்பெற்றது.

பெயரும் இலக்கணமும்

பொருள் தோன்றி இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே பெயர் தோன்றியது. போயிங் விமானத் தொழிற்சாலையில், விமானத்திற்குரிய கம்பித் தொகுதிகளைப் பெரும்பலகைகளின்மேல் வரிசைப்படுத்தித் தொழிலாளர் கட்டுவர். எந்தக் கம்பி எவ்வழிச் செல்லவேண்டும் என்பதைத் தொழிலாளரின் கண்முன்னே, பலகையின்மேலேயே காட்டலாகாதா என டாம் காடெல், டேவிட் மிசெல் என்னும் இருவர் ஆராய்ந்தனர். 1992-இல் வெளிவந்த அவர்தம் கட்டுரையாலேயே அப்பெயர் அறிஞரிடையே பரவிற்று. தொழிலாளரின் தேவையிலிருந்து இச்சொல் பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1994-இல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ ஆகிய இருவரும் ஒரு நேர்கோட்டை வகுத்தனர். அதன் ஒரு முனையில் முழு மெய். மறு முனையில் முழுவதும் கணிப்பொறி படைத்த உலகமாகிய மெய்நிகர். இடையில் உள்ளவை யாவும் கலப்பு மெய்ம்மை. மெய்முனையை அடுத்து நிற்பது மிகை மெய்ம்மை. 1997-இல் ரொனால்ட் அசூமா இதற்கு மூன்று இலக்கணங்கள் கூறினார்: மெய்யும் புனைவும் கூடுதல், அவ்வக் கணமே இயங்குதல், முப்பரிமாணத்தில் இடம் பொருந்துதல். இம்மூன்றும் கூடியதே இக்கலை. திரைப்படத்தில் நடிகரோடு சேர்த்துக் காட்டப்பெறும் பூதம் அவ்வக் கணமே இயங்காமையின் இதனுள் அடங்காது.

அடிப்படைச் சொற்கள்

மூன்றாம் இலக்கணமாகிய இடப்பொருத்தமே இக்கலையின் உயிர். 'ரெஜிஸ்ட்ரேஷன்' என ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே. 1904-இல் நிறுவப்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின்முன் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பதாகக் கொள்க. அக்கட்டடத்தின் பழைய தோற்றம் திரையில் தெரியவேண்டுமாயின், பழைய வாயில் இன்றைய வாயிலின்மேல் சரியாக அமையவேண்டும். சற்றே விலகினும் கண் அதனைப் பொய்யெனக் கண்டுவிடும்.

பொருத்தத்திற்கு முதற்பகை காலத்தாழ்வு. ஒருவர் நொடிக்கு 40 பாகை வீதம் தலையைத் திருப்புகிறார். கருவி நொடியில் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்து படத்தை வரைகிறது எனின், படம் 4 பாகை பின்தங்கும். பத்து மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் இஃது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் விலகலாகும். வாயில் சுவருக்குள் புகுந்துவிடும்.

இடம் பொருந்தக் கருவி தன் நிலையை இடைவிடாது அறியவேண்டும். இது தொடர்ந்தறிதல் எனப்படும். இதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது செயற்கைக்கோள் வழி இடமறிதல். 1857-இல் எழுந்த கிள்ளான் ராஜா அப்துல்லா கிடங்கு எத்தெருவில் உள்ளதென அறிய இது போதும். மீட்டர்க் கணக்கில் பிழை நேர்தலின், அதன் சாளரத்தின்மேல் ஓர் உருவைப் பொருத்தப் போதாது. இரண்டாவது அடையாளக்குறி. கருங்கரை இட்ட சதுரம் ஒன்றை அச்சிட்டு வைப்பின், அது படத்தில் எவ்வாறு சாய்ந்து தெரிகிறது என்பதைக்கொண்டு கருவி தன் நிலையைக் கணிக்கும். 1999-இல் ஹிரோகாஸு காட்டோவும் மார்க் பில்லிங்ஹர்ஸ்ட்டும் வெளிப்படுத்திய ஏஆர்டூல்கிட் இம்முறையை மாணவர்க்கும் எட்டச் செய்தது. மூன்றாவது, குறியே இன்றிச் சுவர் மூலையையும் தரைக் கோட்டையும் தானே கண்டு, இடத்தின் வரைபடத்தையும் தன் நிலையையும் ஒருங்கே கணித்துக்கொள்வது. ஆங்கிலத்தில் இதன் சுருக்கப்பெயர் 'ஸ்லாம்'. 2007-இல் ஆக்ஸ்ஃபர்ட் அறிஞர் ஜார்ஜ் கிளைனும் டேவிட் மர்ரேயும் சிறிய பணியிடங்களில் இதனை ஒற்றை ஒளிப்படக் கருவியாலேயே விரைவுற நிகழ்த்தினர். 2017-இல் ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் அறிவித்த மென்பொருள்கள் இம்முறையைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தன.

இவ்வாறு கண்ட இடத்தில் ஓர் உருவைப் பிணித்து வைக்கும் புள்ளிக்கு 'ஆங்கர்' என்று பெயர். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் அலையில் அசைந்தாலும் நங்கூரம் இட்ட இடத்தை விட்டகலாதது போல, கருவி அசைந்தாலும் உருவம் தன் இடத்தை விட்டகலாது. நங்கூரம் என்னும் சொல்லே இதற்குப் போதும். இனி, மெய்யான தூண் ஒன்று முன்னே நிற்கையில் புனைவுரு அதன் பின்னே மறையவேண்டும். இது மறைப்பு எனப்படும். தொலைவை அறியாத கருவிக்கு மறைப்பு இயலாது.

மலேசியாவில் இக்கலை

1996-இல் மலேசிய அரசு பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. கோலாலம்பூர் நகர மையம் முதல் சிப்பாங் விமான நிலையம் வரை 15 கிலோமீட்டர் அகலமும் 50 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலப்பரப்பு அதற்கு ஒதுக்கப்பெற்றது. சைபர்ஜெயா நகரம் அதன் விளைவு. 2009-இல் காட்சித் தகவலியல் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹலிமா படியோஸ் ஸமான் தலைமையில் இத்துறை ஆய்வு வளர்ந்தது. பொதுமக்கள் இதனை நேரிற் கண்டது 2016 ஆகஸ்டில், போக்கிமோன் கோ என்னும் விளையாட்டு இந்நாட்டிற்கு வந்தபோது எனலாம்.

மலாய்மொழியார் இதற்கு 'ரியாலித்தி தெரிம்புஹ்' என்னும் பெயரை வழங்குகின்றனர். இம்புஹ் என்பது கூடுதலாகச் சேர்த்தல். மலாய் இலக்கணத்தில் சொல்லோடு சேரும் ஒட்டுக்கு இம்புஹான் என்பதே பெயர். அச்சொல்லைக் கேட்கும் மலாய் மாணவன், பகுதியோடு ஒட்டுச் சேர்வதுபோல் மெய்யோடு ஒன்று சேர்கிறது என எளிதில் உணர்வான். 1956-இல் தோன்றிய டேவான் பஹாசா டான் புஸ்தாகா பன்னெடுங்காலம் கலைச்சொல் பணியை நடத்தியமையின் பயனாகவே அம்மொழி இத்தகைய ஆற்றலைப் பெற்றது.

தமிழில் சொல்லாக்கம்

தமிழரும் இப்பணிக்குப் புதியவர் அல்லர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கினார். 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிக் கணிப்பொறியில் தமிழை ஏற்றினார். 2000-இல் தோன்றிய உத்தமம் என்னும் மன்றம் கலைச்சொற்களுக்கெனப் பணிக்குழு வகுத்தது. அடுத்த ஆண்டே தமிழிணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

ஆயினும் ஓர் இடையூறு நேர்ந்தது. 2003 முதல் இந்நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பெற்றன. அக்கொள்கையைக் கைவிட 2009-இல் அரசு முடிவுசெய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளியிற் பயின்ற மாணவர்க்குத் தமிழ் அறிவியற் சொற்கள் நாவிற் பழகவில்லை. வகுப்பறையில் வழங்காத சொல் அகராதியில் உறங்கும், உயிர்பெறாது.

இனி, முன்னர்க் கூறிய பெயர்களை ஆராயலாம். புனைமெய்யாக்கம் என்பது புனைவையே முன்னிறுத்துகிறது. மில்கிராம் கோட்டில் மெய்முனையை ஒட்டி நிற்கும் பொருளை அது மறுமுனைக்குத் தள்ளிவிடும். மிகை மெய்ம்மை என்பதற்கும் தடை கூறுவர். மிகை என்பது வேண்டாத கூடுதலைக் குறிக்கும். நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும் ஒன்றன்றோ என்பர். தடை நன்று, விடையும் இலக்கணத்திலேயே உண்டு. இரு சொற்கள் புணருமிடத்து வல்லினம் மிகும் என்கிறோம். அங்கு மிகுதல் குற்றமன்று. உரிய இடத்தில், உரிய எழுத்து, கூடுதலாக வந்து பொருந்துதல். இடம் தவறி மிகுந்தால் பிழை. இடம் பொருந்தி மிகுந்தால் இலக்கணம். அசூமாவின் மூன்றாம் விதியும் இதுவே. மலாயர்க்கு இம்புஹான் உணர்த்துவதைத் தமிழர்க்கு மிகுதல் உணர்த்தும். ஆகலின் மிகை மெய்ம்மை என்பதே ஏற்புடைத்து.

சொல்லைத் தேர்தல் பணியின் ஒரு பாதியே. போயிங் பலகையருகே நின்ற தொழிலாளர்க்காக ஆங்கிலச் சொல் பிறந்தது. பால்மரத்தின் அடியில் நின்றவர் நாவில் தமிழ்ச்சொல் பிறந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இளைஞர் இக்கலையைக் கற்பதோடு அமையாது, தாம் ஆக்கும் கருவியின் திரையிலும் தம்பியர்க்குக் கற்பிக்கும் பாடத்திலும் இச்சொற்களை எழுதி வழங்குவாராயின், குழு கூடாமலேயே அவை நிலைபெறும்.