நாய்க்கு அங்கக உணவு: சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து ஒரு வரலாறு

செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் விளைந்த பொருள்களால் ஆன உணவு அங்கக உணவு எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதை ‘ஆர்கானிக்’ என்கிறோம். ‘இயற்கை’, ‘உயிர்ம’ என்ற சொற்களும் இதற்கு வழங்குகின்றன. மனிதருக்கென்று தொடங்கிய இந்த வகை உணவு இப்போது வளர்ப்பு நாய்களுக்கும் விற்கப்படுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் நாய் வளர்ப்போர் பலருக்கும் ஒரு கேள்வி உண்டு. கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குவதால் நாய்க்குப் பயன் உண்டா? இந்தப் பகுதியில் நாய்கள் எதைத் தின்று வந்தன, அங்கக உணவு சத்து மிகுந்தது என்ற எண்ணம் எங்கே பிறந்தது என்ற இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

மிச்சச் சோறும் பொறையும்

அம்பத்தூரும் ஆவடியும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்கள். அங்கே நாய்க்கென்று தனிச் சமையல் கிடையாது. வீட்டில் மிஞ்சிய பழைய சோறு, கேழ்வரகுக் கூழ், கஞ்சி, மீன் முள், இறைச்சி எலும்பு ஆகியவையே அதன் உணவு. எலி, ஓணான் போன்றவற்றை அது தானே பிடித்துத் தின்றது. அன்று அந்த உணவில் பெரும்பகுதி தொழுவுரம் இட்ட நிலத்தில் விளைந்தது. இன்றைய பொருளில் பார்த்தால் அந்த நாய்கள் அங்கக உணவைத்தான் தின்றன. ஆனால் அவற்றின் உடல்நலம் எவ்வளவு சோறு, எவ்வளவு புலால் கிடைத்தது என்பதைப் பொறுத்தே இருந்தது.

பின்னர் ஊர் மாறியது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் இருந்து 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. வயல்கள் குறைந்து குடியிருப்புகளும் தொழிற்கூடங்களும் பெருகின. இரவுக் காவலர்களோடு தெருநாய்களும் தொழிற்கூட வாசல்களில் இடம் பிடித்தன. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் பொறை அவற்றின் வழக்கமான தீனி ஆனது. மைதா மாவில் செய்து மொறுமொறுப்பாகச் சுட்ட இந்தப் பொறையைச் சென்னையில் இன்றும் பலர் நாய்க்கென்றே வாங்குகிறார்கள். வீட்டு நாய்களுக்குத் தயிர்ச்சோறும் பால்சோறும் கிடைத்தன. செங்குன்றம் அரிசி ஆலைகள் பக்கத்தில் இருந்ததால் நொய்யரிசிக்குக் குறைவில்லை. கோழிக்கடைகள் பெருகியபின் கழுத்து, கால், தலை, ஈரல் ஆகியவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி நொய்யோடு வேகவைத்துப் போடும் வழக்கம் பரவியது. இந்தப் பகுதியில் பல வீடுகளில் இன்றும் அதுவே நாயின் அன்றாட உணவு.

பையில் வந்த உணவு

நாய்க்கென்று உணவு தயாரித்து விற்கும் தொழில் லண்டனில் தொடங்கியது. அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்பிராட் 1860களில் கோதுமை, காய்கறி, இறைச்சி சேர்த்த நாய் பிஸ்கட்டை அங்கே விற்றார். கப்பல் துறையில் மாலுமிகள் வீசிய காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்பர். 1922இல் அமெரிக்காவில் கென்-எல் ரேஷன் என்ற வணிகப் பெயரில் குதிரை இறைச்சி டின்னில் அடைத்து விற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் டின் உணவு குறைந்து உலர் உணவு வளர்ந்தது. மாவுக் கலவையை அழுத்தத்தில் வேகவைத்துப் பொரியாக வெளித்தள்ளும் முறையில் செய்த உலர் உணவை 1957இல் பியூரினா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பைகளில் வரும் நாய் உணவின் பெரும்பகுதி இந்த முறையில் செய்யப்படுகிறது.

இந்தியாவில் 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகே இந்தச் சந்தை விரிந்தது. பெடிகிரி, ராயல் கேனின் போன்ற வெளிநாட்டுப் பெயர்களும் டிரூல்ஸ் போன்ற உள்நாட்டுப் பெயர்களும் கடைகளுக்கு வந்தன. ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு விளம்பரத்தால் பக் இன நாய் வீடுதோறும் அறிமுகமானது. பொமரேனியன் என்று அழைக்கப்பட்ட ஸ்பிட்ஸ் நாய்களும் நாட்டு நாய்களும் இருந்த வீடுகளுக்கு லாப்ரடார், பக் போன்றவை வந்தன. இனம் மாறியதோடு உணவும் மாறியது. இந்த மாற்றத்தின் அடுத்த படியாகவே ‘ஆர்கானிக்’ என்று எழுதிய பைகள் வந்தன.

குன்னூரில் பிறந்த எண்ணம்

அங்கக முறையில் விளைந்தது சத்து மிகுந்தது என்ற கருத்தை மேலைநாட்டு வரவு என்று பலரும் எண்ணுகிறார்கள். அதன் வேர்களில் ஒன்று தமிழகத்தில் இருக்கிறது.

ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் அரசு மருத்துவர் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தில் சத்துக்குறை நோய்களை ஆராய்ந்தார். அந்த ஆய்வுக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. மெக்கரிசன் கோவை வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்துடன் சேர்ந்து 1926இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தொழுவுரத்தில் விளைந்த சிறுதானியமும் கோதுமையும் ரசாயன உரத்தில் விளைந்தவற்றைவிடச் சத்தில் உயர்ந்தவை என்பது அதன் முடிவு. இந்தூரில் மட்கு உர முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டு போன்றோர் இந்த ஆய்வைச் சான்றாகக் கொண்டனர். அங்கக வேளாண் இயக்கம் பிரிட்டனில் வளர அது துணையானது.

அதே குன்னூரில் மெக்கரிசன் செய்த மற்றொரு சோதனை இன்னும் புகழ்பெற்றது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்தார். கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, சிறிது இறைச்சி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட சென்னை மாகாண உணவைத் தின்றவை மிகவும் பின்தங்கின. இங்கே வேறுபாட்டை உண்டாக்கியது உரம் அன்று, உணவின் சேர்மானம்.

இரண்டு முடிவுகளில் முதலாவது காலப்போக்கில் வலுவிழந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அங்கக உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவாக இருந்தது. ஆனால் அது சத்தில் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. இது மனித உணவு பற்றிய ஆய்வு. இரண்டாவது முடிவோ இன்றும் நிற்கிறது. நாய் உணவுக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது.

நாயின் உடல் கேட்பது

நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே தானியம் அதற்கு ஆகாது என்று சிலர் சொல்வதுண்டு. சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதற்கு மறுப்பாக ஒரு சான்றை வெளியிட்டனர். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகளே உண்டு. நாய்க்கோ 4 முதல் 30 வரை உண்டு. மனிதரின் மிச்சச் சோற்றோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த தடம் அது.

ஆனால் சோற்றைச் செரிக்க முடியும் என்பதால் சோறு மட்டும் போதும் என்று ஆகாது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவுகோலின்படி வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், குறைந்தது 18 விழுக்காடு புரதம் வேண்டும். குட்டிக்கு 22.5 விழுக்காடு. அரிசியில் இருப்பது சுமார் 8 விழுக்காடு. கோழிக்கறி சேர்த்தால் புரதம் சரியாகும். ஆனால் சுண்ணாம்புச்சத்து குறையும். எலும்பில்லாத கறியில் சுண்ணாம்பைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல் உண்டு. நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரசுக்குச் சமமான அல்லது அதைவிட மிகுந்த சுண்ணாம்பு. வெறும் கறியும் சோறும் தின்று வளரும் குட்டிக்கு எலும்பு வலுவிழந்து கால் வளைவதன் காரணம் இதுதான். 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்பு கொண்ட கேழ்வரகு அரிசியைவிட மேலானது. என்றாலும் தனியாக அதுவும் போதாது.

இந்தக் குறை அங்கக அரிசிக்கும் அங்ககக் கோழிக்கும் அப்படியே பொருந்தும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2013இல் வீட்டுச் சமையல் குறிப்புகள் 200ஐச் சோதித்தபோது 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. சாம்பார் சோற்றில் உள்ள வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; எந்த உரத்தில் விளைந்தாலும் வெங்காயத்தின் இயல்பு அதுவே. பூஞ்சையில் உண்டாகும் அஃப்லாடாக்சின் நஞ்சும் அப்படித்தான். 2020 இறுதியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த உலர் உணவால் பல நாய்கள் இறந்தன. சென்னையின் ஈரக்காற்றில் திறந்த மூட்டையில் இருந்து நிறுத்து விற்கும் உணவை வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஆபத்து இது.

முத்திரையும் சட்டமும்

அமெரிக்காவில் அங்கக முத்திரை பெற, உப்பும் நீரும் நீங்கலாக, உணவின் 95 விழுக்காடு சான்று பெற்றதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வளர்ப்பு விலங்கு உணவின் அங்கக அடையாளத்துக்குத் தனி விதி இயற்றியது.

இந்தியாவில் அங்கக உற்பத்திக்கான தேசியத் திட்டம் 2001இல் வந்தது. தமிழ்நாட்டில் அங்ககச் சான்றளிப்புத் துறை 2007இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017இல் அங்கக உணவு விதிகளை இயற்றி ‘ஜைவிக் பாரத்’ முத்திரையை வழங்கியது. அந்த ஆணையத்தின் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கானது. விலங்குத் தீவனத்தை ‘உணவு’ என்ற சொல்லில் அது சேர்ப்பதில்லை. எனவே கடையில் அரிசிப் பையில் இருக்கும் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லையும் நாய் உணவுப் பையில் இருக்கும் அதே சொல்லையும் ஒன்றாகக் கருத இயலாது. பின்னதில் எந்த அமைப்பு சான்றளித்தது, சான்று எண் என்ன என்று பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால் அது வெறும் விளம்பரச் சொல்.

பயன் உண்டா

அங்கக உணவால் கிடைக்கும் உறுதியான பயன்கள் இரண்டு. உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைகிறது. விளைநிலத்துக்கும் அங்கே வேலை செய்வோருக்கும் கேடு குறைகிறது. வீட்டுக்கே அங்கக அரிசியும் கேழ்வரகும் வாங்கும் குடும்பம் நாய்க்கும் அதிலிருந்து சமைப்பதில் குறை ஏதும் இல்லை.

ஆனால் நாயின் உடல்நலத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதென்றால் அந்தப் பணத்துக்கு முதலில் வேறு தேவைகள் உண்டு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, வயதுக்கும் எடைக்கும் ஏற்ற முழுமையான உணவு ஆகியவை அவை. பை உணவு வாங்குவோர் அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்பதையும், அது முழுமையான உணவா இடைத்தீனியா என்பதையும், காலாவதி நாளையும் முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் சமைப்போர் சுண்ணாம்புச்சத்தை எப்படி ஈடு செய்வது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு அளவு குறித்துக்கொள்ளலாம். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை மேற்குப் புறநகர் மக்களுக்கும் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. இவற்றையெல்லாம் செய்தபின் பணம் மிஞ்சினால், சான்று எண் உள்ள அங்கக உணவை வாங்குவதில் தவறில்லை.