தள்ளிப்போட்ட செலவு: சர்ஃப்சைடு கட்டிடத்தின் கதை



சென்ற பொதுக்குழுவில், பெரிய பழுதுகளுக்கென மாதாமாதம் தனியாக ஒரு தொகை சேர்க்கலாம் என்ற தீர்மானம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "இப்போது என்ன அவசரம்?" என்று எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு ஒரு கட்டிடத்தின் வரலாற்றைப் படித்தேன். நீங்களும் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி பீச்சை அடுத்துள்ள கடற்கரை ஊர் சர்ஃப்சைடு. அங்கே 1981-ல் கட்டப்பட்டது சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். 12 மாடி, 136 வீடுகள். நம்மைப் போலவே உரிமையாளர் சங்கம், தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு.

2018-ல் சங்கம் அமர்த்திய பொறியாளர் அறிக்கை கொடுத்தார். நீச்சல் குளத்தை ஒட்டிய தளம் சரிவில்லாமல் போடப்பட்டதால் தண்ணீர் தேங்குகிறது, வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுவிட்டது, கீழே கார் நிறுத்துமிடத்தில் காங்கிரீட் விரிசல் விட்டுப் பெயர்ந்திருக்கிறது என்றார். செலவை நினைத்து எல்லோரும் மலைத்தார்கள். வாக்குவாதம் வளர்ந்தது. 2019-ல் குழு உறுப்பினர்கள் பலர் ராஜினாமா செய்தார்கள்.

2021 ஏப்ரலில்தான் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூல் முடிவானது. ஒரு வீட்டின் பங்கு, அளவைப் பொறுத்து, சுமார் 80,000 முதல் 3,36,000 டாலர் வரை. பணம் கட்டத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1. ஜூன் 24 நள்ளிரவு தாண்டி, எல்லோரும் தூங்கும் வேளையில், கட்டிடத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள்.

குளத் தளத்தின் வடிவமைப்பே விதிகள் கேட்ட வலிமையில் இல்லை என்று அரசு ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். பிறவிக் குறையோடு, தள்ளிப்போன பராமரிப்பும் சேர்ந்துகொண்டது.

கடலும் சும்மா இல்லை. அதே மாநிலத்தின் கீ வெஸ்டில் 1913 முதல் கடல் மட்டத்தை அளக்கிறார்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. பெரிய ஓதம் வரும் நாட்களில் மயாமி பீச் தெருக்களில் மழையே இல்லாமல் வடிகால் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. கட்டிடத்தைச் சாய்த்தது கடல் மட்ட உயர்வு என்று சொல்வதற்கில்லை. ஆனால் உப்புநீர் பட்டால் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, காங்கிரீட்டைப் பிளக்கும்.

முன்பெல்லாம் ஃபுளோரிடாவில் சேமநிதி வேண்டாம் என்று உரிமையாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். 2022-ல் சட்டம் மாறியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய அடுக்ககங்களுக்குக் கட்டமைப்புப் பரிசோதனை கட்டாயம். கூரை, தூண் போன்றவற்றுக்கான நிதியை ஓட்டுப் போட்டுத் தவிர்ப்பதையும் அந்தச் சட்டம் தடுத்தது.

பி.காம். படித்தபோது தேய்மானம் பற்றிச் சொல்லித் தந்தார்கள்: கையிலிருந்து காசு போகாது, ஆனாலும் செலவுதான், எழுதியாக வேண்டும். வங்கியில் வேலை பார்த்த காலமெல்லாம் அதை எழுதினேன். குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் எழுத மறந்தேன்.

நாமும் கடல்காற்றில்தான் இருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். வந்து கேளுங்கள்; கேள்வியும் கேளுங்கள்.