காசு நோட்டம்: ஒரு தொழில் விளையாட்டான வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலை நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து, வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதியான கல்லாற்றை அடைகிறது. இச்சாலை வழியில் நெடுமங்காட்டில் இருக்கும் கோயிக்கல் அரண்மனை, 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. கேரளத் தொல்லியல் துறை 1992இல் அங்கே நாட்டார் வழக்காற்றுப் பொருட்களுக்கும் நாணயங்களுக்கும் காட்சியகம் அமைத்தது. அனந்தராயன் பணம், கலியுகராயன் பணம், கொச்சியின் ஒற்றைப்புத்தன், இரட்டைப்புத்தன், விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளுமளவு சிறிய ராசிப் பணம் எனப் பல காசுகளை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இக்காட்சியகம் இடம்தருகிறது. பெயர்ச்சீட்டை மறைத்துக்கொண்டு இக்காசுகளை இன்னவை என்று சொல்வது இன்று சேகரிப்பாளர் தமக்குள் நட்பாக விடுக்கும் சவால். ஆனால் இதே திறமை முற்காலத்தில் பிழைப்புக்குரிய தொழிலாக இருந்தது என்பதும், அத்தொழில் மறைந்த பின்னரும் அதன் அறிவு விளையாட்டின் வடிவில் நிலைத்தது என்பதும் தென்னாட்டு நாணய வரலாறு காட்டும் உண்மைகள்.

சங்கப் புலவர் வரிசையில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற பெயர்கள் காணப்படுகின்றன. இவற்றில் வரும் வண்ணக்கன் என்ற சொல்லுக்கு, நாணயத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்பவன் என்று உரைகாரரும் ஆய்வாளரும் பொருள் கொள்கின்றனர். ரோமானியப் பொற்காசும் முத்திரை குத்திய வெள்ளிக்காசும் ஒருங்கே புழங்கிய நாட்டில் இத்தொழில் தோன்றியதில் வியப்பில்லை. திருச்சூர் அருகே எய்யாலில் 1945இல் கிடைத்த புதையலில் இவ்விரு வகைக் காசுகளும் கலந்தே இருந்தன. சோழர் காலத்தில் பொன்னின் மாற்றை, அதாவது தூய்மை அளவை, அறியத் தண்டவாணி என்ற தரமும், எடையை அறிய ஆடவல்லான் என்னும் பெயர் பெற்ற எடைக்கல்லும் பயன்பட்டதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. பிற்காலத்தில் இப்பணியைச் செய்தவர் நோட்டக்காரர் என்றும் சராப்பு என்றும் அழைக்கப்பட்டனர். கண்ணால் முத்திரையைப் பார்ப்பதும், உரைகல்லில் தேய்ப்பதும், தராசில் நிறுப்பதும், கல்மேல் சுண்டி ஒலி கேட்பதும் காசு நோட்டத்தின் நான்கு வழிகளாக இருந்தன.

திருவிதாங்கூரில் இத்தொழிலுக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று கணக்கு வைத்தனர். அன்றாடப் புழக்கத்தில் இருந்த வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பளவே உள்ளது, எடை அரை கிராமையும் எட்டாதது; ஆகவே ஆயிரக்கணக்கில் அவற்றை விரலால் எண்ணுவது இயலாத வேலையாயிற்று. இதற்கு விடையாக வந்ததே சக்கரப் பலகை. ஒரு மரப்பலகையில் ஒரு சக்கரம் மட்டும் அமரக்கூடிய அகலமும் ஆழமும் கொண்ட குழிகளை வரிசை வரிசையாகக் குடைந்து, கைநிறையக் காசை அள்ளிப் பரப்பி, பலகையை மெல்லக் குலுக்கினால், குழிக்கு ஒன்றாகக் காசுகள் அமர, மிகுந்தவை வழிந்து விழும். நிரம்பிய பலகையின் குழித்தொகையே காசின் தொகையாகிவிடும். எல்லாக் காசுகளும் ஒரே மட்டத்தில் பரவிக் கிடப்பதால், நிறம் மாறியதும் விளிம்பு தேய்ந்ததும் பழகிய கண்ணில் உடனே பட்டன.

எண்ணியபின் மாற்றுக்கணக்கு வந்தது. திருவிதாங்கூர்க் கணக்கில் ரூபாய்க்கு 28 சக்கரம் என்றிருக்க, பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே பிரிட்டிஷ் ரூபாய் பத்துக்கு 285 சக்கரம், அதாவது திருவிதாங்கூர்க் கணக்கில் 10 ரூபாய் 1 பணம் 1 சக்கரம் என்று வாயாலேயே கணக்கிடும் திறமை எல்லைப்புறச் சந்தைகளில் தேவைப்பட்டது.

இத்தொழிலறிவு பொழுதுபோக்கோடு சேர்ந்ததற்கும் நெடிய வரலாறு உண்டு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் விழாக்காலங்களில் பழைய மன்னர்களின் காசுகளையும் அயல்நாட்டுக் காசுகளையும் நண்பர்க்குப் பரிசளித்து மகிழ்ந்ததை வரலாற்றாசிரியர் சுவிட்டோனியஸ் குறித்துள்ளார். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1354இல் பேரரசர் நான்காம் சார்லஸுக்கு ரோமப் பேரரசர்களின் உருவம் பொறித்த காசுகளை அளித்து, அம்முன்னோரைப் பின்பற்றுமாறு அவரைத் தூண்டினார். கேரளத்தில் விஷு நாளில் மூத்தோர் இளையோர்க்குக் காசளிக்கும் விஷுக்கைநீட்டம், வேறு நோக்கில் எழுந்த வழக்கமேயாயினும், குழந்தைகள் கையில் காசு சேர வழிவகுத்தது. சென்னை மாகாணத்தில் 1880களில் டஃப்னல் என்னும் படையதிகாரி தென்னிந்திய நாணயச் சேகரிப்பாளர்க்கென வழிகாட்டி எழுதினார்; லோவெந்தால் பாதிரியார் 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். இவ்வாறு கடைத்தெருவில் நோட்டக்காரர் வாய்மொழியாய்க் கற்பித்தது அச்சேறி, ஒருவர் படித்ததை மற்றவர் மறுத்துரைக்கும் களமாயிற்று.

அக்களத்தின் பயனை 1984 தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு தினமலர் ஆசிரியரும் நாணய ஆய்வாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி, ஒரு சிறு செப்புக்காசில் தமிழ்பிராமி எழுத்தில் இருந்த ‘பெருவழுதி’ என்னும் பெயரைப் படித்தறிந்து, சங்ககாலப் பாண்டியர் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டதை நிறுவினார். தேய்ந்த காசில் எஞ்சிய கோடுகளை எழுத்தாக அறியும் பயிற்சி இல்லாதவர் கையில் அது வெறும் செப்புத்துண்டாகவே இருந்திருக்கும்.

இன்றைய சேகரிப்பாளர் கூடுமிடங்களில் இப்பயிற்சி மூவகைச் சவாலாக நடைபெறுகிறது. முதலாவது, தேய்ந்த காசைக் காட்டி நாட்டையும் மன்னரையும் கேட்பது. இரண்டாவது, ஆண்டுக் கணக்கு: திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜா கால வெள்ளிக்காசில் 1121 என்றிருந்தால் அது கொல்லம் ஆண்டு என்றறிந்து, ஆவணி முதல் டிசம்பர் வரையிலான பகுதிக்கு 824ஐயும், ஜனவரி முதலான பகுதிக்கு 825ஐயும் கூட்டி, 1945–46 என்று விடை சொல்ல வேண்டும். மூன்றாவது, அக்கசாலைக் குறி, அதாவது காசு அச்சிட்ட இடத்தின் குறி: இந்தியக் காசின் ஆண்டெண்ணுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, விண்மீன் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, குறியே இல்லையெனில் கொல்கத்தா என்றறிந்து, ஓராண்டின் நான்கையும் யார் முதலில் சேர்ப்பது என்று போட்டியிடுவர்.

இப்போட்டிகளில் பரிசு சிறிது, பயனோ பெரிது. போலி ராசிப் பணத்தை விலைகொடுத்து வாங்குபவர் அதைப் பழகியறியாதவரே. காசைத் தேய்த்து மெருகேற்றி அதன் எழுத்தை அழிப்பவரும், மண்ணில் கிடைத்த புதையலை 1968ஆம் ஆண்டின் கேரளப் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்காமல் பிரித்து விற்பவரும் வரலாற்றின் சான்றையே அழிக்கின்றனர். பார்த்தறியும் பயிற்சி பெற்றவர்க்கு இவ்விழப்பின் அளவு தெரியும். கல்லாற்றுக்கும் பொன்முடிக்கும் செல்லும் குடும்பங்கள் நெடுமங்காட்டில் சற்று நின்று, கோயிக்கல் அரண்மனையின் காசுகளைக் குழந்தைகளுக்குக் காட்டி, பெயரைச் சொல்லாமல் கேள்வியைக் கேட்பார்களாயின், வண்ணக்கரும் நோட்டக்காரரும் வளர்த்த அறிவு அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.