ஆம்பல் முதல் அடுக்கு வரை

எண்ணுக்கும் கவியுள்ளத்துக்கும் உறவில்லை என்பார் உளர். பேரெண்களுக்கு நம் முன்னோர் சூட்டிய பெயர்கள் அக்கூற்றை மறுக்கின்றன. ஐ, அம், பல் என்னும் ஈறுகளையுடைய எண்ணுப் பெயர்களைத் தொல்காப்பியம் சுட்டுகிறது. அவை தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். பரிபாடலின் இரண்டாம் பாடலோ குவளையையும் நெய்தலையும் ஊழியின் அளவுகளாக ஆள்கிறது. நீர்நிலை நிறையப் பூத்த மலர்களில் எண்ணின் பெருக்கத்தைக் கண்டவர்கள் நம்மவர்.

சிறுமைக்கும் அவர்கள் பெயரிட்டனர். முந்திரி என்பது 1/320. அதனை மீண்டும் 320 கூறிட்டால் கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. அதிலும் 21இல் ஒரு கூறு இம்மி. 'இம்மியளவும் இல்லை' என்று இன்று பொதுப்பட வழங்கும் சொல், அன்று கணக்கர் வாய்பாட்டில் திட்டமான அளவாக நின்றது.

ஆயினும் பெயருக்கு ஒரு குறையுண்டு. ஆம்பல் பெரிதா, வெள்ளம் பெரிதா என்பதைப் பெயர் தானே உணர்த்தாது. பட்டியலை மனனம் செய்தவரே அறிவர். பட்டியலுக்குப் பட்டியல் அளவு மாறுவதும் உண்டு. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பில்லியன் என்னும் சொல் அமெரிக்காவில் 10⁹ ஆகவும் பிரிட்டனில் 10¹² ஆகவும் நெடுங்காலம் வழங்கியது. 1974இல்தான் பிரிட்டிஷ் அரசு அமெரிக்க வழக்கை ஏற்றது.

இச்சிக்கலை முதலில் நேர்நின்று எதிர்கொண்டவருள் ஒருவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் ஆர்க்கிமிடீஸ். கிரேக்கரின் எண்ணுப் பெயர்கள் பதினாயிரத்தோடு நின்றன. மணலை எண்ணவே முடியாது என்போருக்கு விடையாக, சிரக்கூஸ் அரசன் கெலோனை விளித்து அவர் ஒரு நூல் எழுதினார். ஒரு கசகசா விதையின் அளவுக்குள் அடங்கும் மணல் பதினாயிரம் பருக்கைக்கு மிகாது என்று தொடங்கி, அண்டம் முழுவதையும் நிரப்பும் மணலுக்கு வரம்பு கண்டார். 10⁸ வரை முதல் வரிசை. அந்த 10⁸ஐயே அலகாகக் கொண்டது இரண்டாம் வரிசை. இவ்வாறே மேலும் மேலும் வரிசைகளை வகுத்தார். அவர் கண்ட வரம்பு, இன்றைய குறியீட்டில் 10⁶³. பெயரைப் பெருக்காமல் படிகளை எண்ணியதே அவர் செய்த புதுமை.

அப்படிகளைத் தலைமேல் சிற்றெண்ணாக எழுதும் முறையை 1637இல் டெக்கார்ட் தம் வடிவியல் நூலில் நிலைநிறுத்தினார். கீழிறங்கும் படிகளுக்குரிய குறையடுக்கை நியூட்டன் 1676இல் எழுதிய கடிதத்தில் கையாண்டார். இன்று 1 முதல் 10க்குள் அமையும் ஓர் எண்ணையும் பத்தின் அடுக்கையும் பெருக்கி எழுதுவதே அறிவியல் வழக்கு. 2019இல் அவகாட்ரோ எண் 6.02214076 × 10²³ என வரையறுக்கப்பட்டது. நம் கீழ்முந்திரியும் இம்முறையில் 9.765625 × 10⁻⁶ ஆகும்.

ஆனால் அடுக்குக்கும் ஒரு குறையுண்டு. 10²³க்கும் 10²⁴க்கும் தாளில் ஒரே இலக்கந்தான் வேறுபாடு. உண்மையிலோ பத்து மடங்கு. விரல் அகலத்துள் அடங்கிவிட்ட அண்டத்து மணலைக் கண் காண்பதில்லை. 2022இல் உலக அளவியல் மாநாடு 10³⁰க்குக் குவெட்டா என்றும் 10⁻³⁰க்குக் குவெக்டோ என்றும் பெயரிட்டதும் எண்ணத்தக்கது. அடுக்கைக் கண்ட பின்னரும் மனிதருக்குப் பெயர் வேண்டியிருக்கிறது. அடுக்கு அளவைத் தரும். ஆம்பல் காட்சியைத் தரும். முன்னதைக் கற்பதற்காகப் பின்னதை நாம் இழக்க வேண்டுவதில்லை.

நம் வட்டத்தின் அகவை இன்று 10¹. அடுக்கு ஒன்று உயர்ந்து அது 10² ஆகும் நாளில், இம்மலரைப் புரட்டுவோர் இரண்டையும் அறிந்தவராய் இருப்பாராக.